கரடியைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் தீருமா? கடற்கரைவாசிகள் கேட்ட கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பள்ளிகளுக்கும் மீனவர் கூட்டங்களுக்கும் காட்டுயிர் பற்றிப் பேசப் போகும்போது, எந்த ஊரானாலும் ஒரு கேள்வி தவறாமல் எழும்: “அதைப் பிடித்துக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடக் கூடாதா?” குரங்கு, பாம்பு, மான் என்று தொடங்கும் பேச்சு கைப்பேசியில் பார்த்த கரடி வீடியோவில் வந்து நிற்கும். அப்படிக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளில் கோபம் இருந்தது, அதை மழுப்பவில்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் கரடி இருக்கிறதா?

இல்லை. ராமேஸ்வரத்தில் ஜாம்பவான் பெயரில் ஒரு தீர்த்தம் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தனுஷ்கோடி முனையில் நிற்பவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கரடிக் காடுகள் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. கடலுக்கு அப்பால், மன்னாருக்குத் தெற்கே உள்ள இலங்கையின் வில்பத்துக் காடு அதில் பாதித் தொலைவுகூட இல்லை. அங்கே கரடி உண்டு. பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நிலமாக இருந்தன. பிறகு கடல் ஏறிப் பிரித்த கரடிகள் தனிக் கிளையினமாயின. இலங்கைக் கரடி உருவில் சற்றுச் சிறியது, முடியும் குட்டை.

கரடியே இல்லாத ஊரில் கரடிக் கேள்வி எதற்கு?

உறவு இருக்கிறதே! இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் கையெழுத்தான பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய மலையகத் தமிழர்களில் பலர், மண்டபம் முகாம் வழியாக நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களோடு கொண்டு கொடுத்தவர்கள் இந்தக் கரையில் இன்றும் இருக்கிறார்கள். “எங்கள் அக்கா வீட்டு வாசலில் கரடி வந்து நிற்கிறதாம், வனத்துறை என்ன செய்கிறது?” என்று பாம்பனில் ஒரு அம்மா கேட்டால், அந்தக் கவலை வீடியோ பார்த்து வந்ததில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கரடி விஷயத்தில் கற்றதெல்லாம் நம் ஊர்க் குரங்குக்கும் பாம்புக்கும் அப்படியே பொருந்துகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

காட்டில் இருக்க வேண்டிய கரடி ஊருக்குள் ஏன் வருகிறது?

நம் நாட்டுக் கரடி முக்கியமாகக் கறையானும் எறும்பும் தின்னும் விலங்கு. மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றை ஊதி உறிஞ்சுகிறது. பழமும் தேனும் பிடிக்கும். நீலகிரியில் காடும் தேயிலையும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கொய்யாவும் பேரிக்காயும் வீட்டுக்குப் பின்னாலேயே பழுக்கின்றன. குப்பைமேடு திறந்து கிடக்கிறது. கோயிலில் விளக்கேற்றும் எண்ணெய் இருக்கிறது. கதவை உடைத்து எண்ணெயைக் குடித்துவிட்டுப் போன கரடிகள் நீலகிரியில் பலமுறை செய்தியாகியிருக்கின்றன. சத்துணவுக் கூடமும் ரேஷன் கடையும் தப்புவதில்லை.

ஒரு இரவு முழுவதும் புற்றைத் தோண்டிக் கிடைக்கும் சத்து, ஒரு டின் எண்ணெயில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. கரடி முட்டாளா, மறுநாள் வராமலிருக்க?

சரி, கூண்டு வைத்துப் பிடித்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி விட்டால் போதாதா?

பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். இதை அதிகம் சோதித்துப் பார்த்தது வட அமெரிக்காவில். அங்குள்ள கருங்கரடிகளைப் பல பத்தாண்டுகளாகப் பிடித்து, அடையாளமிட்டு, இடம் மாற்றியிருக்கிறார்கள். வளர்ந்த கரடிகளை 64 கிலோமீட்டருக்குள் விட்டபோது ஐந்தில் நான்கு வீடு திரும்பின. 220 கிலோமீட்டருக்கு அப்பால் விட்டவற்றிலும் ஐந்தில் ஒன்று திரும்பியது. வழியில் ஆறு, நெடுஞ்சாலை, நகரம் எதுவும் பெரிய தடையாகவில்லை.

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவர் நகரில் ‘மிங்க்’ என்று மக்கள் பெயர் வைத்த பெண் கரடி ஒன்று இருந்தது. பறவைகளுக்கு வைத்த தீனியையும் குப்பையையும் தின்று பழகிய கரடி. 2018-இல் அதைப் பிடித்து மாநிலத்தின் வடகோடியில் விட்டார்கள். கழுத்துப்பட்டையின் சமிக்ஞை, அது எங்கெங்கோ சுற்றியலைவதைக் காட்டிக்கொண்டே இருந்தது. மறு வருடம் ஹானோவரில் பழைய இடத்தில் வந்து நின்றது.

இந்தியக் கரடியும் அமெரிக்கக் கருங்கரடியும் வேறு வேறு இனங்கள். அந்த எண்களை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. வீட்டை நோக்கி நடக்கும் குணம் மட்டும் கரடி, சிறுத்தை, யானை என்று எல்லாவற்றிலும் பார்த்தாகிவிட்டது.

இன்னும் தொலைவாக விடுங்கள் ஐயா! மாநிலத்தின் மறு கோடியில்!

அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை மறந்துவிட்டோமா? 2023 ஏப்ரல் 29 அன்று கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், மே 27 அன்று, தேனி மாவட்டம் கம்பம் நகரத் தெருவில் அந்த யானை ஓடியது. அதில் காயமடைந்த ஒருவர் இறந்தார். ஜூன் 5 அன்று மறுபடியும் மயக்க ஊசி, மறுபடியும் லாரி. களக்காடு முண்டந்துறையின் மேல்கோதையாறுப் பகுதியில் விட்டார்கள். செப்டம்பரில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் தலைகாட்டியது.

சின்னக்கானல்காரர்களுக்கு நிம்மதி கிடைத்தது, உண்மை. கம்பத்தையும் மாஞ்சோலையையும் யார் கேட்டார்கள்?

திரும்பி வராமல் புதிய காட்டிலேயே தங்கிவிட்டால் நல்லதுதானே?

தங்கினால் நல்லதுதான். ஆனால் அதற்கு அந்தக் கரடி முதலில் பிழைக்க வேண்டும்.

பாம்பன் மீனவர் ஒருவர் கரையில் தெரியும் கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்பார்த்தே கடலடிப் பாறைத்திட்டான ‘பார்’ எங்கே இருக்கிறது, எந்த மாதம் எந்தப் பக்கம் என்ன மீன் என்று சொல்லிவிடுவார். அவரை வலையோடும் வள்ளத்தோடும் குஜராத் கடலில் இறக்கிவிட்டால் கடல் அதே கடல்தான், ஆனால் முதல் வாரம் அடுப்பெரியாது. கரடிக்கும் அதே கதி. எந்தப் புற்று எப்போது ஈரமாக இருக்கும், கோடையில் எந்தச் சுனை வற்றாது, எந்தப் பாறையிடுக்கில் பகலில் படுக்கலாம் என்பதெல்லாம் தாயின் முதுகிலிருந்தே கற்ற பாடம். அது அந்த ஒரு மலைக்கு மட்டும் செல்லும்.

நாம் ‘அடர்ந்த காடு’ என்று சொல்லும் இடத்தில் ஏற்கெனவே கரடிகள் இருக்கும். இல்லையென்றால், இல்லாததற்கு ஏதோ காரணம் இருக்கும். உள்ளூர் ஆண் கரடி புதியவனை விரட்டும், கடிக்கும். விரட்டப்பட்டது காட்டின் ஓரத்துக்குத் தள்ளப்படும். ஓரத்தில் என்ன இருக்கிறது? இன்னொரு ஊர், இன்னொரு கோயில், இன்னொரு எண்ணெய் டின்.

கூடவே போகும் நோயையும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர் நாய்களோடும் குப்பையோடும் பழகிய விலங்கு, உண்ணியும் குடற்புழுவும் வைரஸும் சுமந்துகொண்டு இதுவரை அவை எட்டாத காட்டுக்குள் போகலாம். பிடித்தவுடன் இரத்தம் எடுத்துச் சோதித்து, முடிவு வரும்வரை காத்திருக்க எந்த ஊர்க் கூட்டமும் பொறுப்பதில்லை. அன்றிரவே லாரி கிளம்பியாக வேண்டும்.

மயக்க ஊசி போட்டால் தூங்கிவிடும், பத்திரமாகத் தூக்கிப் போகலாம். இதில் என்ன ஆபத்து?

சினிமாவில் ஊசி பட்ட நொடியில் விலங்கு சரிந்துவிடும். உண்மையில் மருந்து வேலை செய்யச் சில நிமிடங்களாவது ஆகும். பயந்துபோன விலங்கில் இன்னும் தாமதமாகும். அந்த நேரத்தில் கரடி ஓடும், மரத்தில் ஏறும், தண்ணீரில் இறங்கும். எடையைக் கண்ணளவால் கணித்துத்தான் மருந்தின் அளவு. கூடினால் மூச்சு அடங்கும், குறைந்தால் பாதியில் எழுந்துவிடும். கறுத்த, அடர்ந்த முடி கொண்ட உடம்பு மயக்கத்தில் தன் வெப்பத்தைத் தானே தணித்துக்கொள்ள முடியாது. வெயிலில், சுற்றிலும் ஆயிரம் பேர் கூச்சலிடும் இடத்தில் இது நடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில் ஒரு கரடி கிணற்றில் விழுந்தது. கிணற்றில் இருந்தபடியே மயக்க ஊசி போட்டார்கள். மயங்கிய கரடி தண்ணீரில் மூழ்கி இறந்தது.

அதற்கு முந்தைய நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே மூன்று பேரைத் தாக்கிய கரடியை ஊசி போட்டுப் பிடித்துக் களக்காட்டுக் காட்டில் விட்டார்கள். விட்ட சில நாட்களில் அது இறந்துகிடந்தது. தாக்கப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்தவர் எவரும் அந்தக் கரடியைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. ‘பத்திரமாக விடப்பட்டது’ என்ற வரியோடு கதை முடிந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கூண்டுக்கும் தனி ஆபத்து உண்டு. இரும்புக் கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொள்ளும், நகம் பிய்ந்துபோகும். புற்றைத் தோண்டிப் பிழைக்கும் விலங்குக்கு நகம் போனால் சோறு போனது.

குட்டியோடு இருந்தால்?

பிடிக்கவே கூடாது என்பது என் கருத்து. குட்டிகள் பல மாதம் தாயின் முதுகில் ஏறித்தான் பயணம் செய்கின்றன. தனித்து வாழப் பழக இரண்டு வருடம்கூட ஆகும். கூண்டில் தாய் மட்டும் சிக்கி, குட்டி புதரில் நின்றுவிட்டால் அந்தக் குட்டி பிழைப்பது அரிது. குட்டி மட்டும் சிக்கினால், கூண்டைச் சுற்றி நிற்கும் மனிதர்கள் பிழைப்பது அரிது.

விட்ட இடத்தில் உள்ளவர்களுக்கு என்ன நடக்கும்? அதைப் பற்றி யாராவது பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். கரடியில் இல்லை, சிறுத்தையில். இந்தியாவில் இதைப் பற்றிப் பேசும் எவரும் மகாராஷ்டிரத்தின் ஜுன்னாரைத் தாண்டிப் போக முடியாது.

புனே மாவட்டத்தின் அந்தப் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்குள் சிறுத்தைகள் குடித்தனம் நடத்தின. ஆடு, நாய், பன்றி தின்று வாழ்ந்தன. மனிதரைத் தாக்குவது அரிதாக இருந்தது, வருடத்துக்குச் சராசரியாக 4 சம்பவங்கள். ஊரார் அழுத்தத்தால் 2001-இலிருந்து அவற்றைப் பெருமளவில் பிடித்து அருகிலுள்ள காடுகளில் விடத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தாக்குதல் வருடத்துக்குச் சராசரியாக 17 ஆனது. இடமாற்றத்துக்கு முன் அவ்வளவாக மனிதரைத் தொடாத சிறுத்தைகள், பிடிபட்டு, கூண்டில் வாடி, அறியாத இடத்தில் விடப்பட்ட பிறகு தொட ஆரம்பித்தன. அதுவும் எங்கே? விடப்பட்ட காடுகளை ஒட்டிய ஊர்களில்.

காலி செய்த இடமும் காலியாக இருக்கவில்லை. ஒரு சிறுத்தை போன இடத்துக்கு இன்னொன்று, பெரும்பாலும் இளசு, வந்து சேர்ந்தது. இளம் விலங்குக்கு இடமும் தெரியாது, மனிதரிடம் ஒதுங்கிப் போகவும் தெரியாது. ஆக இரண்டு முனையிலும் நிலைமை கெட்டது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் சிறுத்தைகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல், பிடித்து வேறிடத்தில் விடுவதைத் தீர்வாகக் கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த அனுபவமே அடித்தளம்.

எனக்கு இதில் உறுத்துவது வேறொன்று. கூண்டு வைக்கச் சொல்லிச் சாலை மறியல் செய்ய ஓர் ஊருக்குக் குரல் இருக்கிறது. விலங்கு இறக்கப்படும் காட்டோரத்தில் பெரும்பாலும் பழங்குடிக் குடியிருப்புகள்தான். இன்றிரவு லாரியில் என்ன வருகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதுகூட இல்லை.

அப்படியென்றால் விலங்கை இடம் மாற்றுவதே தவறா? புலிகளை மாற்றினார்களே!

மாற்றினார்கள், வெற்றியும் பெற்றார்கள். மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் புலியே அற்றுப்போன பிறகு 2009-இல் வெளியிலிருந்து புலிகளைக் கொண்டுவந்தார்கள். இன்று அங்கே புலிக் குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. ஆனால் அதிலும் ஒரு அத்தியாயம் உண்டு: பெஞ்ச் காட்டிலிருந்து கொண்டுவந்த ஆண் புலி சில நாட்களிலேயே பன்னாவை விட்டு வெளியேறி, பிறந்த திசையை நோக்கி நடந்தது. ஒரு மாத காலம், நானூறு கிலோமீட்டருக்கு மேல், யானைகளோடும் ஜீப்களோடும் ஒரு பட்டாளமே பின்தொடர்ந்து, மறுபடி பிடித்துக் கொண்டுவந்தது. அது தங்கியதும், இன்று உள்ள பல புலிகளுக்குத் தந்தையானதும் அதற்குப் பிறகுதான். அந்த அளவுக்கு ஆளும் பணமும் பொறுமையும் இருந்தால் செய்யலாம்.

ஐரோப்பாவில் கரடியையே அப்படிக் கொண்டுபோனார்கள். வட இத்தாலியின் திரெந்தினோ மலைகளில் பழுப்புக் கரடி அழியும் நிலைக்கு வந்ததால் 1999 முதல் 2002 வரை ஸ்லோவேனியாவிலிருந்து 10 கரடிகளை விட்டார்கள். இனம் நன்றாகவே பெருகியது. அப்படி வந்த ஒரு இணைக்குப் பிறந்த குட்டிகளில் ஒன்று 2006-இல் எல்லை தாண்டி ஜெர்மனிக்குப் போய், ஆடுகளையும் தேன்கூடுகளையும் சூறையாடி, சுட்டுக் கொல்லப்பட்டது. அதே இணைக்குப் பிறந்த இன்னொரு பெண் கரடி 2023 ஏப்ரலில் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கொன்றது. இனத்தை மீட்டதில் வெற்றி, பக்கத்து வீட்டாரோடு இன்றுவரை வழக்கு. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு.

அழிந்த இடத்தில் ஓர் இனத்தை மீட்கத் திட்டமிட்டுக் கொண்டுபோவது ஒரு வேலை. தொல்லை கொடுக்கும் விலங்கைக் கண்ணுக்கு மறைவாகக் கொண்டுபோய்த் தள்ளுவது வேறு வேலை.

வித்தை காட்டிய கரடிகளைக்கூடக் காட்டில் விடவில்லையாமே?

விட முடியாது. கரடியாட்டிகள் ஊர் ஊராக வந்ததையும், குழந்தைக்குப் பயம் தெளியக் கரடிமுடித் தாயத்துக் கட்டியதையும் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். கலந்தர் சமூகத்தாரிடமிருந்து மீட்கப்பட்ட அந்தக் கரடிகள் ஆக்ரா போன்ற இடங்களில் உள்ள மறுவாழ்வு மையங்களில் வளர்கின்றன. குட்டியிலேயே மூக்கில் துளையிட்டு, பல்லை உடைத்து, தாயிடமிருந்து பிரித்து வளர்த்த விலங்குக்குக் காடு ஒரு அந்நிய தேசம்.

சட்டப்படி யார் முடிவு செய்ய வேண்டும்?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கரடி இருக்கிறது. அந்த அட்டவணை விலங்கைப் பிடிக்க மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். சட்டத்தின் பார்வையில் வலை வைப்பதும் கண்ணி வைப்பதும் பிடிப்பதும் வேட்டைதான். கொன்றால்தான் வேட்டை என்றில்லை. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நீங்களாகவே பிடித்து நல்ல காட்டில் விட்டேன் என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

கோத்தகிரியில் இருக்கும் எங்கள் ஆட்கள் அப்புறம் என்னதான் செய்வது?

வரவழைக்கும் பொருளை எடுக்க வேண்டும். கேட்கச் சப்பென்று இருக்கும், வேறு வழியும் இல்லை. எண்ணெயைக் கோயிலில் இரவு வைக்காமல் இருப்பது, சத்துணவுக் கூடத்துக்கு இரும்புக் கதவு, குப்பைத்தொட்டிக்குக் கரடி திறக்க முடியாத மூடி, பழுத்ததும் பழத்தைப் பறித்துவிடுவது, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பாதையில் தெருவிளக்கு, இருபுறமும் புதரை வெட்டி வைப்பது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1970-ஐ ஒட்டிக் குப்பைமேடுகளைத் திடீரென மூடியபோது, அதிலேயே வளர்ந்த கரடிகள் முகாம்களுக்குள் புகுந்தன, பல கொல்லப்பட்டன. அந்த வலியான சில வருடங்களைத் தாண்டிய பிறகு, கரடி திறக்க முடியாத தொட்டிகளும் ‘உணவு போடாதே’ என்ற கண்டிப்பும் பழக்கமாகி, ஆட்கள் காயப்படுவது பெரிதும் குறைந்தது. குப்பையை மூடுவதும் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை என்பது அதில் உள்ள பாடம்.

ஆளைக் குறிவைத்துத் தாக்கும் ஒரு கரடி இருந்தால் அதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடித்த பிறகு, இன்னொரு ஊருக்குப் பார்சல் அனுப்புவதைவிட நிரந்தரமாகக் கூண்டில் வைப்பது கண்ணியமானது என்பேன். காட்டுயிர் நண்பர்கள் சிலர் இதற்காக என்னோடு சண்டை போடுகிறார்கள்.

ஊட்டிக்குச் சுற்றுலா போகிறோம். எதிரில் வந்துவிட்டால்?

அதிகாலையும் அந்தியும் தேயிலைப் பாதையில் தனியாக நடக்காதீர்கள். போகத்தான் வேண்டுமென்றால் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். மண்ணைத் தோண்டும்போது கரடிக்குச் சுற்றுப்புறம் மறந்துவிடும், கிட்டப் போனதும் திடுக்கிட்டுப் பாயும். பார்த்துவிட்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். அதன் குறி பெரும்பாலும் முகமும் தலையும்தான். செல்ஃபி பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை.

நம் ஊருக்கு வருவோம். ராமேஸ்வரத்துக் குரங்குகளைப் பிடித்து மலையில் விடலாமே?

கோயிலுக்கு வருபவர்கள் புண்ணியம் என்று வாழைப்பழமும் பிஸ்கட்டும் போடுகிறார்கள். பையைப் பிடுங்கினால் குரங்கைப் பிடி என்கிறார்கள். நாட்டுக் குரங்குக் கூட்டத்தில் பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுக்க இருப்பவை. கூண்டில் சிக்கிய பத்துப் பன்னிரண்டை மட்டும் அள்ளிப் போனால் கூட்டம் உடையும். குட்டி ஓரிடம், தாய் ஓரிடம். பிஸ்கட்டில் வளர்ந்தவை விட்ட காட்டில் இலை தேடாது, காட்டின் முதல் டீக்கடையைத் தேடும். மிஞ்சியவை இங்கே கிடைக்கும் தீனியில் மறுபடி பெருகும். குப்பையை மூடுவதும் தீனியை நிறுத்துவதும்தான் இங்கேயும் முதல் வேலை, கருத்தடை இரண்டாவது.

மன்னார் வளைகுடாவில் ஆளில்லாத் தீவுகள் இருக்கின்றனவே! அங்கே நாயையும் குரங்கையும் விட்டால் யாருக்கு நஷ்டம்?

இந்தக் கேள்வி மண்டபம் பக்கம் பலமுறை வந்திருக்கிறது, பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும். ஆமைக்கு நஷ்டம். தரையில் முட்டையிடும் கடற்பறவைக்கு நஷ்டம். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை நீளும் அந்த 21 தீவுகள் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. இரண்டு ஏற்கெனவே கடலில் மூழ்கிவிட்டன. அங்கே அனுமதியின்றி ஆளே இறங்கக் கூடாது, நாயை எப்படி இறக்குவீர்கள்? இறக்கினாலும் பெரும்பாலான தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. முட்டைகளைத் தின்று தீர்த்துவிட்டுத் தாகத்தில் சாகும்.

பாம்பு?

வீட்டுக்குள் வந்த சாரையைப் பக்கத்துக் கருவேலங்காட்டில் விட்டால் போதும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம் போன்றவற்றைப் பயிற்சி பெற்றவர் பிடிக்கட்டும். அவரும் மாவட்டம் தாண்டிக் கொண்டுபோக வேண்டாம். அமெரிக்காவில் வேற்றுக் காட்டில் விடப்பட்டுக் கண்காணிக்கப்பட்ட கிலுகிலுப்பை விரியன்களில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அதே காட்டின் சொந்தப் பாம்புகளில் பத்தில் ஒன்றுதான் செத்தது. புதிய இடத்தில் பாம்பு பல மடங்கு தூரம் அலைகிறது. அலையும் பாம்புதான் மனிதக் காலில் மிதிபடும். கடித்துவிட்டால் 108.

சீமைக் கருவேலங்காட்டுப் புள்ளிமான்கள் நாய்க்கடியில் சாகின்றன. பிடித்து முதுமலைக்கு அனுப்பினால் புண்ணியம் உண்டே?

மான் பிடிபடுவதற்கே பிறக்காத விலங்கு. துரத்திப் பிடித்த அதிர்ச்சியில் அதன் தசைகள் சிதைந்து, அந்த நச்சு சிறுநீரகத்தில் ஏறி, பார்க்க நன்றாக இருக்கும் மான் இரண்டு நாள் கழித்து விழுந்துவிடும். நாயைக் கட்டுங்கள், திறந்த கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புங்கள், கோடையில் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். நிலக்கடலை நட்டவர் பன்றியிடமும் மயிலிடமும் படும் பாடு எனக்குத் தெரியும். இழப்பீட்டு மனுவில் கையெழுத்து வாங்க அவர் படும் பாடு அதைவிடப் பெரியது. அதற்காகப் போராடினால் நானும் வருகிறேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். ஆமை முட்டையை வனத்துறையே தோண்டி எடுத்து இடம் மாற்றுகிறதே, அது மட்டும் சரியா?

நல்ல கேள்வி. பங்குனி ஆமை இந்தக் கரையில் ஏறும் மாதங்களில் முகுந்தராயர் சத்திரம் பொரிப்பகத்துக்கு முட்டைகளைக் கொண்டுபோகிறார்கள். நாயும் நரியும் தோண்டாமலும் அலை அரிக்காமலும் காக்க அது தேவைப்படுகிறது. ஆனால் எவ்வளவு கவனம் பாருங்கள். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ செத்துவிடும். அதனால்தான் விடியுமுன் கரையில் நடக்கிறார்கள், எடுத்த நிலையிலேயே வைக்கிறார்கள், தாய் தோண்டிய ஆழத்துக்கே குழி தோண்டுகிறார்கள். மணலின் சூடு ஏறினால் எல்லாம் பெண் குஞ்சு, இறங்கினால் ஆண். அதற்காக நிழல் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் முட்டை போவது அதே கடற்கரையில் கொஞ்ச தூரம். குஞ்சு இறங்குவது அதே கடலில்.

வலையில் சிக்கிய கடற்பசுவுக்கும் அதுவே முறை. அது மூச்சு வாங்க மேலே வர வேண்டிய விலங்கு; கரைக்கு இழுத்து வந்து, படமெடுத்து, ஆள் கூட்டி, பிறகு ஆழக்கடலுக்குக் கொண்டுபோய் விட நினைப்பதற்குள் மூச்சு முட்டிவிடும். சிக்கிய இடத்திலேயே வலையை அறுத்து விடுங்கள். அது மேயும் கடற்புல் அங்கேதான் இருக்கிறது, குட்டி இருந்தால் அதுவும் பக்கத்தில்தான் நிற்கும். அறுந்த வலைக்கு நிவாரணம் கேட்க ஒரு படம் வேண்டுமென்றால், அறுக்கும்போதே படகிலிருந்து ஒருவர் எடுத்தால் போதும். கரை சேர்ந்ததும் வனத்துறை அலுவலகத்தில் அதைக் காட்டி எழுதிக் கொடுங்கள்.